உணவகத்தில் உறவினருக்கு விபத்து, மேலாளரோ அவமதித்துப் பேசுகிறார்: முறையாகப் புகார் செய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்துடன் உணவகத்துக்குச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன பெரியம்மா, வாஷ்பேசின் அருகே சோப்புநீர் தேங்கிக் கிடந்த டைல்ஸ் தரையில் வழுக்கி விழுகிறார். வலது மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. ஐஸ் கேட்டால் கிடைக்கவில்லை. மேலாளரிடம் முறையிட்டால், "வயசானவங்களைப் பாத்துக் கூட்டிட்டு வரணும், பில்லைக் கட்டிட்டுக் கிளம்புங்க" என்கிறார். இந்த நிலையில் யாருக்கு, எதை, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதை, இதுவரை புகார் மனு என்று ஒன்றை எழுதியே அறியாதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன். இதில் சொல்லப்படும் சட்டங்கள் இந்தியாவுக்கு உரியவை. அலுவலக நடைமுறைகள் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கே நடந்திருப்பவை இரண்டு: தரையைச் சரியாக வைத்திருக்காததால் ஏற்பட்ட காயம் ஒன்று, காயம்பட்டவரை மேலாளர் நடத்திய விதம் மற்றொன்று. நமக்கு ஆத்திரம் வருவது பெரும்பாலும் இரண்டாவதன் மீதுதான் என்பதால், பலருடைய புகார்க் கடிதம் முழுக்க "திமிராகப் பேசினார்", "மரியாதையே இல்லை" என்று நிரம்பி, ஈரத் தரை கடைசி வரியில் வந்து நிற்கிறது. இழப்பீடு பெற்றுத் தரக்கூடியது அந்த ஈரத் தரைதான். மேலாளரின் பேச்சு அதற்குத் துணைநிற்கும் சான்று. அது புகாரின் அடித்தளம் ஆகாது.

முதல் படி: அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன்

விழுந்தவரைக் கவனிப்பதே முதல் வேலை. அவரால் எழ முடியவில்லை என்றாலோ, தலையிலோ இடுப்பிலோ அடிபட்டிருந்தாலோ, தூக்கி நிறுத்த முயலாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதே நேரத்தில் குடும்பத்தில் வேறொருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அந்தத் தரையைப் படம் பிடிக்க வேண்டும். இதை உடனே செய்யச் சொல்வதற்குக் காரணம், அடுத்த சில நிமிடங்களில் யாராவது ஒரு பணியாளர் மாப்புடன் வந்து அந்த இடத்தைத் துடைத்துவிடுவார் என்பதுதான். தேங்கிய நீர், அது எங்கிருந்து வருகிறது என்பது, எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பது தெரியும்படி அந்தப் பகுதி முழுவதும் ஆகியவற்றை எடுத்துவிட்டு, விழுந்தவர் அணிந்திருந்த செருப்பின் அடிப்பகுதியையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். தேய்ந்த செருப்பால்தான் வழுக்கியது என்ற வாதம் எதிர்த்தரப்பிலிருந்து எப்படியும் வரும்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மேலாளரின் பெயர், நேரம், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அப்போதே கைப்பேசியில் குறித்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதினால் அவர் சொன்னதும் நாம் நினைத்ததும் கலந்துவிடும். உரையாடலைப் பதிவு செய்திருந்தால் அந்த மூலக் கோப்பை வெட்டாமல், அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். பதிவு செய்த கருவி கையில் இருந்தால் அது எளிது.

கோபத்தில் பில் கட்டாமல் வெளியேறுவது பெரும் தவறாகிவிடும். பணம் செலுத்திப் பில்லைக் கேட்டு வாங்குங்கள்; யுபிஐ வழியே செலுத்தினால் அதன் பதிவும் சேர்ந்துகொள்ளும். பணம் கட்டியது நீங்கள், விழுந்தது பெரியம்மா என்பதால் அவர் நுகர்வோர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்துள்ளது.

இரண்டாம் படி: மருத்துவரிடம் உண்மையை முழுமையாகச் சொல்லுதல்

பல புகார்கள் உயிரிழக்கும் இடம் மருத்துவமனைதான். "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்கும்போது, போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டாமே என்ற எண்ணத்தில் "வீட்டில் வழுக்கிவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் அதை அப்படியே எழுதிவிடுவார். ஓராண்டு கழித்து, உணவகத்தில் விழுந்ததாக நீங்கள் தொடுக்கும் வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். எந்த உணவகம், எந்த நேரம், எதனால் வழுக்கியது என்று தெளிவாகச் சொல்லி, அது பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்று குறிப்பிடுவதை, கேட்டுப் பெறலாம். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ஆட்டோ கட்டணம் வரை ஒவ்வொரு ரசீதையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.

மூன்றாம் படி: கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோருதல்

கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுகள் பொதுவாகச் சில வாரங்களில் தாமாகவே அழிந்து, அவற்றின் மேல் புதியவை பதிவாகிவிடும். ஆகவே விரிவான புகாரை நிதானமாக எழுதிக்கொள்ளலாம். ஆனால், இன்ன தேதியில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான கை கழுவும் பகுதிப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று கோரும் நான்கு வரி மின்னஞ்சல் ஒன்றை மறுநாளே அனுப்பிவிட வேண்டும். பதிவைக் காட்ட அவர்கள் மறுக்கலாம், அது வேறு விஷயம். கேட்ட பிறகும் அழித்துவிட்டார்கள் என்பது பின்னால் உங்களுக்குச் சாதகமாகப் பேசும்.

நான்காம் படி: உண்மையான உரிமையாளர் யார்?

பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் வணிகப் பெயர் மட்டுமே. கிளையை நடத்துவது வேறொரு நிறுவனமாகவோ தனிநபராகவோ இருக்கக்கூடும். பில்லில் அச்சிடப்பட்டிருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தின் தேடல் பகுதியில் இட்டால், சட்டப்பூர்வமான பெயரும் வணிகப் பெயரும் வந்துவிடும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கிளை மேலாளர், உரிமம் பெற்றவர் இருவருக்கும் அனுப்ப வேண்டும். பெரிய சங்கிலி உணவகம் என்றால் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும். அவமதித்த மேலாளருக்கு மட்டும் எழுதினால், அது அவருடைய மேசை இழுப்பறையைத் தாண்டாது.

ஐந்தாம் படி: புகார்க் கடிதம்

அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான அமைப்பே போதும். காயம்பட்டவரே கையெழுத்திடுவது நல்லது. கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"கடந்த ......ஆம் தேதி பிற்பகல் 1.40 மணியளவில், தங்கள் உணவகத்தின் தரைத்தளத்தில் கை கழுவும் தொட்டியின் முன் தேங்கியிருந்த சோப்புநீரில் வழுக்கி விழுந்ததில், எனக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவ்விடத்தில் எச்சரிக்கைப் பலகையோ வழுக்காத விரிப்போ வைக்கப்பட்டிருக்கவில்லை. என் குடும்பத்தினர் முதலுதவி கேட்டபோது, பணியிலிருந்த மேலாளர், 'வயசானவங்களைப் பாத்துக் கூட்டிட்டு வரணும், பில்லைக் கட்டிட்டுக் கிளம்புங்க' என்று கூறினார், முதலுதவி அளிக்கப்படவில்லை. சிகிச்சைக்கு இதுவரை ரூ. ...... செலவாகியுள்ளது, ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மருத்துவச் செலவையும் உரிய இழப்பீட்டையும் வழங்கி, எழுத்து மூலம் விளக்கமளிக்கக் கோருகிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுக நேரிடும்."

இதில் மேலாளரைப் பற்றி ஓர் அடைமொழிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "அநாகரிகமாகப் பேசினார்" என்று எழுதினால், அவர் "இல்லை" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். சொன்ன சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, அதை அடுத்து முதலுதவி மறுக்கப்பட்டதையும் எழுதினால், அவர் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். பேச்சில் இருந்த வசைச்சொற்களை நாகரிகம் கருதி மாற்றி எழுதவும் வேண்டாம்; அவர் சொன்னபடியே இருக்கட்டும்.

மின்னஞ்சலோடு அஞ்சலிலும் அனுப்புங்கள். பதிவு அஞ்சல் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலாக அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். அந்த ரசீதை இழந்துவிடக் கூடாது.

கடிதம் போன பிறகு, அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் திடீரென்று பணிவாக வருவது உண்டு. மருத்துவச் செலவைக் கொடுக்க முன்வந்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதப்பட்ட தாளில், சிகிச்சை முடியும் முன் கையெழுத்திடாதீர்கள். மணிக்கட்டு முறிவுக்குக் கட்டு பிரித்த பிறகும் பிசியோதெரபி தேவைப்படலாம். அந்தச் செலவு இன்று யாருக்கும் தெரியாது. பெறும் தொகை இடைக்காலச் செலவுக்கானது என்று குறிப்பிட்டே ரசீது கொடுங்கள்.

"வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைக் காட்டி மறுத்தாலும் அத்துடன் விட்டுவிட வேண்டியதில்லை. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998இல் பணியாளரிடம் சாவி கொடுத்து நிறுத்தப்பட்ட கார் திருடு போன வழக்கில், வாகனம் நிறுத்தும் சீட்டில் "உரிமையாளரின் பொறுப்பில்" என்று அச்சிட்டிருந்தும், ஹோட்டல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கார் பற்றிய தீர்ப்புதான். இருந்தாலும், ஒரு வரியை அச்சிட்டுவிட்டால் கடமை நீங்கிவிடாது என்ற கருத்து இங்கும் வாதிடத் தக்கது.

ஆறாம் படி: வெளியே யாரிடம் சொல்வது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற முயல்வார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கெட்டுப்போன உணவு, சமையலறைச் சுத்தம் போன்றவை உணவுப் பாதுகாப்புத் துறைக்கு உரியவை. வழுக்கும் தரைக்காக அங்கே போவதில் பெரிய பயன் இல்லை.

எலும்பு முறிந்திருந்தால் காவல் நிலையமும் ஒரு வழி. குற்றங்களையும் தண்டனைகளையும் வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி எலும்பு முறிவு கொடுங்காயமாகக் கருதப்படுகிறது. பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் அளவுக்குக் கவனமின்றி நடந்து காயம் விளைவிப்பது அதன் 125ஆம் பிரிவில் வருகிறது. புகார் கொடுத்தால் முதலில், புகார் பெறப்பட்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்க வேண்டும். ஈரத் தரை விபத்தில் குற்ற வழக்கு கடைசி வரை நிற்பது கடினம் என்பது என் கருத்து; கொதிக்கும் எண்ணெய், சமையல் எரிவாயு, இடிந்து விழும் கூரை போன்றவற்றில் நிலைமை வேறு.

இணையத்தில் விமர்சனம் எழுதுவது உங்கள் உரிமை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். "கொலைகாரர்கள்" போன்ற சொற்கள் அவதூறு வழக்குக்கு வழிவிடும். கடிதத்துக்குப் பதில் வரும்வரை பொறுத்திருந்து எழுதுவது இன்னும் நல்லது.

ஏழாம் படி: நுகர்வோர் ஆணையம்

பதினைந்து நாட்களில் பதில் இல்லை என்றாலோ, திருப்தி இல்லை என்றாலோ மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. காயம்பட்டவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த நல்ல மாற்றம். சுற்றுலா போன ஊரில் விழுந்தவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காயம்பட்டவர் சிறுவர் என்றால் பெற்றோரும், இறந்துவிட்டால் சட்டப்பூர்வ வாரிசும் மனுதாரர் ஆகலாம்.

கட்டணம் குறித்துப் பலரும் குழம்புகிறார்கள். அது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது இல்லை. சேவைக்காகச் செலுத்திய தொகையைப் பொறுத்தது. அது 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை என்பதால், 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டவர் 3 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் கிடையாது. மனு, உறுதிமொழிப் பத்திரம், பில், மருத்துவ ஆவணங்கள், கடிதம், அஞ்சல் ஒப்புகை ஆகியவற்றுடன் நேரிலோ, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாகவோ தாக்கல் செய்யலாம். மருத்துவச் செலவு, இழந்த வருமானம், உதவிக்கு ஆள் வைத்த செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று தனித்தனியாகத் தொகை குறிப்பிட வேண்டும். மேலாளரின் பேச்சுக்கு உரிய இடம் மன உளைச்சல் என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது.

நோட்டீஸ் கிடைத்த 30 நாட்களுக்குள் உணவகத் தரப்பு பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்கள், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துள்ளது. வழக்கை மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகிறது. இடையில் சமரச மையத்துக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். சிகிச்சை முடிந்து செலவின் அளவு தெரிந்திருந்தால் தயங்காமல் சம்மதிக்கலாம்.

தீர்ப்பு சாதகமாக வந்தால், உணவகம் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உத்தரவிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய வேண்டும். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இடமளிக்கிறது.