மூன்று க்யூபிட்டில் யாருக்கு யாரோடு தொடர்பு? நம்பையில் கணக்கிடலாம்

பைத்தானில், அதன் எண்கணித நூலகமான நம்பையைக் கொண்டு, ஒரு குவாண்டம் நிலையை எண்வரிசையாக எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நாம் தேடுவது பரஸ்பரத் தகவல். இரண்டு க்யூபிட்டின் (குவாண்டம் பிட்) தனித்தனி என்ட்ரோபியையும் (நிச்சயமின்மையின் அளவு) கூட்டி, அந்த ஜோடியின் என்ட்ரோபியைக் கழித்தால் அது கிடைத்துவிடும். பூஜ்யம் என்றால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

ஒவ்வொரு திசையாக அளந்து ஒட்டுறவு பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜிஎச்ஸெட் நிலையில் (000, 111 இரண்டும் சம அளவில் சேர்ந்த மூன்று க்யூபிட் நிலை) ஒரு ஜோடியை இஸட் திசையில் பார்த்தால் 1, எக்ஸ் திசையில் பார்த்தால் 0. திசை தப்பினால் தொடர்பு கண்ணில் படாது.

முதலில் 8 பூஜ்யங்கள் கொண்ட வரிசை. 0-வது, 7-வது இடங்களில் 1/√2 போடுங்கள். இதுதான் ஜிஎச்ஸெட்.

அடுத்து அதை 2, 2, 2 என்று ரீஷேப் செய்யுங்கள். ஓர் அச்சுக்கு ஒரு க்யூபிட். வேண்டிய ஜோடியின் அச்சுகளை டிரான்ஸ்போஸ் மூலம் முன்னுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே 4-க்கு 2 அணியாக மடக்க வேண்டும் (தனி க்யூபிட்டுக்கு 2-க்கு 4).

என் இரண்டு நாள் போனது இங்கேதான். டிரான்ஸ்போஸை விட்டுவிட்டு நேரே மடக்கினேன். எந்த ஜோடியைக் கேட்டாலும் முதல் இரண்டு க்யூபிட்டின் என்ட்ரோபியே வந்தது. ஜிஎச்ஸெட்டில் எல்லா ஜோடியும் ஒன்றுபோல இருப்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. சோதிக்க ஒரு கோணல் நிலை வேண்டும்: 0-வது, 5-வது இடங்களில் மட்டும் 1/√2. அதாவது 000, 101. நடு க்யூபிட் தனியாள். முதலும் கடைசியும் பிணைந்தவை (என்டாங்கிள்மென்ட்). அவற்றுக்கிடையே 2 வர வேண்டும். எனக்கு 1 வந்தது.

சரி, அணி கைக்கு வந்ததா? என்ட்ரோபிக்கு வழக்கமாகக் கட்டும் அடர்த்தி அணி வேண்டாம். எஸ்விடி (ஒற்றை மதிப்புப் பிரிப்பு) போட்டு, வரும் மதிப்புகளை வர்க்கப்படுத்தினால் போதும்; ஒவ்வொரு வர்க்கத்தையும் அதன் லாக்கால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் என்ட்ரோபி. பூஜ்யத்தை அதன் லாக்கால் பெருக்கினால் 'நேன்' (எண் அல்ல என்ற விடை) வந்து நிற்கும். மிகச் சிறியவற்றை முன்பே விலக்கிவிடுங்கள். லாக் 2 அடிமானத்தில் இருக்கட்டும். ஒரு க்யூபிட்டுக்கு 0.693 வந்தால் இயல் மடக்கையில் போட்டிருக்கிறீர்கள்.

ஜிஎச்ஸெட்டில் எந்த ஜோடிக்கும் 1 வரும். டபிள்யூ நிலையில் (1, 2, 4 இடங்களில் 1/√3) 0.918. எண் குறைவு என்று ஏமாறாதீர்கள்: ஜிஎச்ஸெட்டில் ஒரு க்யூபிட்டை ஒதுக்கினால் மீதி இரண்டிடம் பிணைப்பே மிஞ்சாது, டபிள்யூவில் மிஞ்சும். பரஸ்பரத் தகவல் சாதாரணத் தொடர்பையும் சேர்த்தே எண்ணுகிறது.

பிற்சேர்க்கை: கிஸ்கிட் என்ற குவாண்டம் நூலகத்தில் இருந்து நிலையை எடுத்தவர்களுக்கு விடை தலைகீழாக வந்ததாம். அங்கே 0-வது க்யூபிட் வலக்கோடியில் இருக்கும்; அச்சு வரிசையைத் திருப்புங்கள். இன்னொருவர், இரண்டு க்யூபிட்டுக்கு நடுவே 2 எப்படி வரும் என்று கேட்டார். சாதாரண பிட்டுகளுக்குத்தான் 1 உச்சவரம்பு. 20 க்யூபிட் வரை மடிக்கணினியே தாங்கும், 16 எம்பிதான். 30 என்றால் நிலையை வைக்கவே 16 ஜிபி வேண்டும்.