பழவேற்காட்டுப் பறவைகளுக்காகப் பிரிட்ஜ் கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை ஓய்ந்து பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் கூடத் தொடங்கியதும் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாகக் கேமராவோடு போகிறவர்களும் கூடிவிடுகிறார்கள். டிஎஸ்எல்ஆர், 150-600 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட் எல்லாவற்றையும் சுமப்பதற்குப் பதில், லென்ஸைக் கழற்ற முடியாத, நீள ஜூம் உள்ள ஒரு பிரிட்ஜ் கேமரா போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தாராளமாகப் போதும். அந்த லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய 2 கிலோ. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே கடக்கிறது. அங்கே அடிக்கும் உப்புக்காற்றில் நின்று லென்ஸ் மாற்றுவது, படத்தைப் பதியும் சென்சாருக்கு நல்லதல்ல. எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. ஆசையோடு காசு சேர்த்து வாங்குகிறவர்கள், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

அந்த எண் 65 எக்ஸ், 83 எக்ஸ், 125 எக்ஸ் என்று இருக்கும். லென்ஸின் அகலமான முனைக்கும் நீளமான முனைக்கும் உள்ள விகிதம்தான் அது. கேனன் எஸ்எக்ஸ்70-இன் குவியத் தூரம் (இந்த மி.மீ. கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்) 21 மி.மீ.யில் தொடங்குவதால் அதன் 65 எக்ஸ் 1365 மி.மீ.யில் முடிகிறது. நிகான் பி950 24 மி.மீ.யில் தொடங்கி 83 மடங்கில் 2000 மி.மீ. வரை போகிறது. அதனால் கடையில் நீள முனை எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்று கூடுதலாகச் சொல்வதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

அப்புறம், மி.மீ. கூடினால் தூரத்துப் பறவை தெளிவாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. இந்த ஏரியில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். வெயில் ஏறியதும் சேறும் உப்புத்தரையும் சூடாகி, மேலே இருக்கும் காற்று அலையத் தொடங்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதால் தூரத்துப் பூநாரையின் கால்கள் நெளிந்து தெரியும். 2000 மி.மீ.யில் எடுத்தால் பறவையோடு அந்த நெளிவும் பெரிதாகும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் 600 மி.மீ.யில் எடுத்த படம், பத்து மணிக்கு மேல் 3000 மி.மீ.யில் எடுத்ததைவிட நன்றாக இருக்கும். காலையில் கிழக்கே, ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்த்தால் எதிர்வெளிச்சம். வடக்கிலோ தெற்கிலோ இருக்கும் கூட்டத்தைத் தேடுங்கள், பக்கவாட்டு ஒளியில் இறகின் இளஞ்சிவப்பு அழகாக வரும்.

சென்சாரைப் பற்றிக் கேட்காமல் வாங்குவது இன்னொரு பெரிய தவறு. நிகான் பி950, பி1000, கேனன் எஸ்எக்ஸ்70 எல்லாவற்றிலும் 1/2.3 இஞ்ச் சென்சார். அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. சோனி ஆர்எக்ஸ்10 IV, பானசோனிக் எஃப்இசட்1000 ஆகியவற்றில் இருக்கும் 1 இஞ்ச் சென்சாரின் பரப்பு சுமார் 116 சதுர மி.மீ., அதாவது நான்கு மடங்கு. லென்ஸின் துளையையும் சேர்த்துப் பாருங்கள், எஃப் எண் கூடினால் துளை சிறிது. ஆர்எக்ஸ்10 IV 600 மி.மீ.யில் எஃப் 4. பி1000 தன் 3000 மி.மீ.யில் எஃப் 8, அதாவது சென்சாரின் ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் கிடைப்பது நான்கில் ஒரு பங்கு ஒளி. அவ்வளவு சிறிய சென்சாரில் எஃப் 8 துளை என்றால் ஒளி சிதறி நுண்விவரங்களும் மழுங்கும். திறந்த ஏரியில் வெளிச்சம் இருக்கும் வரை சமாளிக்கலாம். தடா அருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் பறவையை எடுத்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறி இறகெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

பறக்கும் கூழைக்கடாவும் செம்பருந்தும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், என் பரிந்துரை 1 இஞ்ச் சென்சார்தான். அதிலும் நகரும் பறவையை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ் ஆர்எக்ஸ்10 IV-இல் மிக நன்றாக இருக்கிறது. விலை அதிகம்தான். நிலாவும் அசையாமல் நிற்கும் தூரத்துப் பறவையும் போதும் என்பவர்களுக்கு பி950, பி1000 பெரிய சந்தோஷத்தைக் கொடுக்கும். நிலாவை அவ்வளவு பெரிதாக எடுக்கும் கேமரா இந்த அளவில் அரிது.

பிரிட்ஜ் என்றாலே எடை குறைவு என்றும் நினைக்க வேண்டாம். பி1000 சுமார் 1.4 கிலோ. டி5600 போன்ற சிறிய டிஎஸ்எல்ஆரில் 70-300 லென்ஸ் மாட்டினாலே 900 கிராமுக்குள்தான் வரும். தோள்வலிக்காக மாறுகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2000 மி.மீ.யில் காட்சிக்கோணம் ஒன்றேகால் டிகிரிகூட இல்லை. அதனால் பறவையைத் தேடவே நேரம் போகும். குறைந்த ஜூமில் பறவையை நடுவில் பிடித்து மெல்ல உள்ளே போகப் பழகுங்கள். நிகானில் ஒரு பட்டனை அழுத்தினால் ஜூம் சட்டென்று பின்வாங்கிப் பறவையைக் காட்டும். வெயிலில் பின்திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாத மாடலே வேண்டாம். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா வசதியும் பாருங்கள், பழைய பி900-இல் அது கிடையாது. பி1000-இன் பேட்டரி ஒரு சார்ஜுக்கு 250 படம் என்ற கணக்குதான், கூடுதலாக ஒன்று அவசியம்.

கடைசியாக வாரண்டி. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போது மணல் சிக்கினால் கேமரா முழுவதும் சர்வீஸுக்குப் போகும், லென்ஸை மட்டும் கழற்றிக் கொடுக்க வழியில்லை. நான்கு காசு குறைகிறது என்று பில் இல்லாத இறக்குமதிச் சரக்கை வாங்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் ஜூமை முழுதாக நீட்டி, நீல வானத்தை ஒரு படம் எடுத்து, கரும்புள்ளி தெரிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.