அட்வான்ஸ் போடும் முன் ஒரு நடை போய்ப் பாருங்கள்

போன வருடம் அக்கா மகளின் வளைகாப்புக்கு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மினி ஹாலை போனிலேயே பார்த்துப் பிடித்தோம். படத்தில் ஏ.சி., மார்பிள் தரை, எல்லாம் பளபள. நேரில் போனபோதும் ஹால் அப்படியேதான் இருந்தது. ஆனால் பந்தி மாடியில், லிஃப்ட் கிடையாது. நிறைமாசமாக இருந்த பெண்ணை இருவர் கைத்தாங்கலாக ஏற்றினோம். மாடிப்படியை அவர்கள் படம் எடுத்துப் போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படத்தை நம்புவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. கடலூரில் இதில் இன்னொரு சங்கதி உண்டு. படம் எடுப்பது வெயில் காலத்தில், முகூர்த்தம் வருவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். பக்கத்து டீக்கடையில், 2015 வெள்ளத்தில் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார்கள். அப்படியே இடம் ஓ.டி.யா (ஓல்டு டவுன், பழைய ஊர்) என்.டி.யா (நியூ டவுன், புது ஊர்) என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பத்திரிகை அடித்த பிறகு தெரிந்து பயனில்லை.

அடுத்தது பணம். "இன்னொரு பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க சார், இப்பவே போட்டுடுங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் நிதானமாகவே இருங்கள். ஜிபேயில் நம்பரைப் போட்டதும் வரும் பெயர் மண்டபத்துக்காரருடையதுதானா என்று பாருங்கள். மாநகராட்சி சமுதாயக் கூடம் என்றால் அலுவலக ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். புக்கிங்கை ரத்து செய்தபின், அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், இதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய PIN நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க PIN நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ரசீதில் தேதி மட்டும் இருந்தால் போதாது. சாவி எத்தனை மணிக்கு, கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். சாவி வாங்கியதும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை வாசல். நாங்கள் எடுத்த ஹாலில் பக்கவாட்டுக் கதவில் சங்கிலி போட்டுப் பூட்டு தொங்கியது. ஏன் என்றதற்கு, "செருப்பு திருடு போகுது சார்" என்றார் வாட்ச்மேன். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். செருப்பு போனால் போகட்டும் என்று சொல்லி, கதவைத் திறக்க வைத்தோம். வாசலை மறித்துப் பூ அலங்காரம் வைக்க டெக்கரேஷன்காரர் கேட்பார், விடாதீர்கள். வீட்டு சிலிண்டரைச் சமையலுக்குக் கொண்டுவருகிற மாஸ்டரையும் தடுத்துவிடுங்கள்.

அப்புறம் நம் பக்கத்துப் பொறுப்பு. இரவு 10 மணிக்குமேல் ஸ்பீக்கர் போட்டுப் போலீஸ் வந்தால், புக்கிங் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடுவார்கள். சொந்தத்தில் ஒருவரைப் பொறுப்பாகப் போட்டு, சாமான்களை எண்ணி வாங்கி, எண்ணியே கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வளைகாப்பில் இரண்டு நாற்காலி குறைகிறது என்றார் மேனேஜர். காலையில் நாங்கள் எண்ணவே இல்லை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தோம்.