சீக்குக் கோழியை அறுக்காதீர்கள்: பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றும் வழி

கோழி தூங்கி விழுந்தால், "சாகுறதுக்குள்ள அறுத்துருவோம்" என்பது நம் ஊர்ப்பக்கம் வழக்கம். பறவைக் காய்ச்சல் விஷயத்தில் இதைவிட ஆபத்தான வேலை வேறு இல்லை. நோயுற்ற கோழியின் எச்சிலிலும் சளியிலும் ரத்தத்திலும் எச்சத்திலும் பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் இருக்கும். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும்போதும் குடலை உருவும்போதும் முகத்தில் தெறிக்கும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினாலே போதும். கண், மூக்கு, வாய்தான் அதற்கு வாசல். காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சோடும் உள்ளே போகும்.

மதுரை மாவட்டத்தில் மேலூர், திருமங்கலம் பக்கம் கண்மாய்க்கரையில் கோழி மேய விடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். நீர்ப்பறவைகளும் வாத்துகளும் நோய் வெளியே தெரியாமலே வைரஸைச் சுமக்கும். கண்மாய்த் தண்ணீரைக் கோழிக்கு வைக்காதீர்கள்.

கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, முட்டை சட்டென்று நிற்பது, ஓரிரு நாளில் அடுத்தடுத்துச் சாவது ஆகியவை அறிகுறிகள். கோழிக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சலும் (ராணிக்கெட்) ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆய்வகம்தான் பிரித்துச் சொல்லும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது.

செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். நாய், பூனை, பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். பூனைக்கும் தொற்றும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். கண்மாயில் வீசினால் நோயை ஊருக்கே பரப்புகிறீர்கள்.

அவர்கள் வந்து பார்த்துச் சொன்ன பிறகே கொட்டகையைக் கழுவ வேண்டும். என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் அவசியம். காய்ந்த தரையைக் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, எச்சத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேயுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 33 கிராம் பிளீச்சிங் பவுடர் (30 சதவீதக் குளோரின் உள்ளது) கரைத்து ஊற்றி, 10 நிமிடமாவது ஊற விடுங்கள். எச்சத்தின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும், வைரஸ் தப்பிவிடும். பொடியை வெறுமனே வெள்ளையாகத் தூவிவிட்டுப் போவதும் வீண். நமத்துக் கட்டியான பொடியில் வீரியம் இருக்காது. ஆசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது; விஷவாயு வரும்.

கறியை உள்வரை 70 டிகிரிக்கு மேல் வேகவைத்தால் வைரஸ் சாகும். பச்சைக் கறி வெட்டிய கத்தியால் வெங்காயம் நறுக்காதீர்கள். நோய் பரவும் சமயத்தில் கலக்கியும் ஆஃப் பாயிலும் வேண்டாம்.

சீக்குக் கோழியைத் தொட்ட 10 நாளுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். "வீட்டில் கோழி செத்தது, நான் தொட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். சொல்லாவிட்டால் சாதாரணச் சளி என்றே அந்த நேரம் கழிந்துவிடும்.