ஒரிகன் கடற்கரைக்கு ஆர்வியில் போகலாமா? முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள், ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) பயணம் என்றதும் முதலில் வண்டி வாடகையைத்தான் தேடுகிறார்கள். ஜூலை 4 விடுமுறை வாரத்துக்கு வண்டி எப்படியாவது கிடைத்துவிடும், நிறுத்தத்தான் இடம் இருக்காது. அதனால் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள்: முதலில் மாதம், பிறகு இடம், கடைசியில் வண்டி.

படி 1: மாதம்

கோடை என்றால் ஜூலை, ஆகஸ்ட் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் போர்ட்லண்டில் 90 டிகிரி (ஃபாரன்ஹீட்) கொளுத்தும் நாளில் கடற்கரையில் 60-களைத் தாண்டாது. உள்நாட்டு வெப்பம் கடல் காற்றை இழுப்பதால் காலையில் மூடுபனி இறங்கும், மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கிளம்பும். அந்தக் காற்றில் வெளியே அடுப்பு வைத்து தோசை சுடுவது நடக்காத காரியம்.

என் ஓட்டு செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. காற்று தணிந்திருக்கும், மூடுபனி குறைந்திருக்கும். பள்ளி திறந்துவிடுவதால் வார நாட்களில் கூட்டமும் இருக்காது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்புவதாகப் போடலாம்.

குளிர்காலமும் ஒரு சீசன்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை புயல் அலை பார்க்கவென்றே வருகிறவர்கள் உண்டு. சாம்பல் திமிங்கலங்கள் டிசம்பர் கடைசியில் தெற்கே போகும், மார்ச் கடைசியில் வடக்கே திரும்பும். டிப்போ பே ஊரில் கடல்சுவர் ஓரம் நின்றே பார்க்கலாம். ஆனால் முதல் பயணத்தை மழையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: இடம்

மாநிலப் பூங்காக்களில் 6 மாதம் முன்பிருந்தே பதிவு செய்யலாம். செப்டம்பர் 12 போய்ச் சேர வேண்டுமென்றால் மார்ச் 12 அன்றே உட்கார்ந்துவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: வெளிமாநிலத்தவருக்கு ஆர்வி இடங்களுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு. பழுதுபார்ப்புக்காகச் சில பூங்காக்களின் ஒரு பகுதியை மூடி வைப்பார்கள், பூங்காவின் இணையப் பக்கத்தில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறைக்கு நான் சொல்வது நியூபோர்ட்டை ஒட்டிய சவுத் பீச். மணல் பக்கத்திலேயே, மளிகைக் கடை, மீன் அக்வேரியம் எல்லாம் சில நிமிட ஓட்டத்தில். ஆஸ்டோரியா பக்கம் போர்ட் ஸ்டீவன்ஸும் நல்லதுதான், மிகப் பெரியது, சாக்கடை இணைப்போடு நிறைய இடங்கள் உண்டு.

101 நெடுஞ்சாலை ஒரிகன் கரை நெடுகிலும் 360 மைல் சொச்சம் ஓடுகிறது. அதை மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடத்தில் கோடு போடாதீர்கள். தினமும் கரண்ட், தண்ணீர் இணைப்புகளைக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குங்கள், போதும்.

படி 3: வண்டி

ஓட்டுநர் தலைக்கு மேல் கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி மோட்டார்ஹோம், 25 அடி அளவில், நான்கைந்து பேருக்குச் சரியாக இருக்கும். சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். நாள் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, காப்பீடு, பாத்திரம், படுக்கை எல்லாம் தனித்தனியாக வரும். பெட்ரோல் காலனுக்கு 8 முதல் 10 மைல். போர்ட்லண்ட் நியூபோர்ட் போய்வர 270 மைல் என்றால் கிட்டத்தட்ட 30 காலன். பதிவு செய்த இடத்தின் நீளமும் வண்டியின் நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படி 4: சமையலும் கரண்டும்

நம் வீட்டுச் சமையலுக்கு இதுதான் முக்கியம். இந்த அளவு வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்பில் ஓடுபவை. 120 வோல்ட்டில் அது மொத்தம் 3,600 வாட். இண்டக்ஷன் அடுப்பு 1,800, ஹீட்டர் 1,500, கூட்டினால் 3,300. அதற்கு மேல் மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஆகவே இரவில் ஹீட்டர் வேண்டுமென்றால் சமையலை வண்டியின் கேஸ் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மாவு, தேங்காய் அரைத்த விழுது, புளிக்காய்ச்சல் எல்லாம் டப்பாவில் வரட்டும். தாளிக்கும்போது மேலே உள்ள விசிறியை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் பூங்காவையே எழுப்பிவிடும்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் வண்டிக்கு அடியிலுள்ள தொட்டியில்தான் சேரும். கறிவேப்பிலை, கடுகு, காபித் தூள், சாம்பார் எண்ணெய் எதுவும் சிங்க்கில் இறங்கக் கூடாது. தட்டை முதலில் காகிதத்தால் துடையுங்கள்.

படி 5: ஓட்டுதல்

வண்டியின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டுங்கள், சுமார் 11, 12 அடி இருக்கும். இன்னொன்று வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் பல அடி நீண்டிருக்கும் உடம்பு, நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கமாக வீசும். பெட்ரோல் பங்கில் தூணில் இடிப்பது இப்படித்தான். நேராக முன்னே நகர்ந்து, பின்பாகம் தூணைத் தாண்டிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஓடும்போது கேஸ் சிலிண்டர் மூடியிருக்கட்டும். மலைச்சாலையில் பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கிடத்தில் நின்று வழிவிடுங்கள்.

படி 6: நிறுத்துதல்

சவுத் பீச் போன்ற பூங்காக்களில் மாலை 4 மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பின்னோக்கி விடும்போது ஒருவர் இறங்கி நின்று, மேலே மரக்கிளையையும் சேர்த்துப் பார்க்கட்டும். தரை சாய்வாக இருந்தால் சக்கரத்தடியில் லெவலிங் பிளாக் வையுங்கள், பழைய வகை கேஸ் பிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாக ஓடாது. பிறகு சக்கரத்துக்குத் தடைக்கட்டை, கரண்ட், கடைசியாகத் தண்ணீர். தண்ணீருக்கு வெள்ளை நிறக் குடிநீர்க் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள், குழாய்வாயில் பிரஷர் ரெகுலேட்டர் மாட்டுங்கள்.

படி 7: கடல்

ஒரிகனில் கடற்கரை முழுதும் பொதுமக்களுக்கே என்று 1967-ல் சட்டம் வந்தது. எங்கும் நடக்கலாம், ஆனால் குளிக்கிற கடல் இல்லை இது. தண்ணீர் 50 டிகிரியைச் சுற்றித்தான். சொல்லாமல் உயர்ந்து வரும் அலை கரையில் கிடக்கும் பெரிய மரத்துண்டுகளையே உருட்டிவிடும். குழந்தைகளை அந்தக் கட்டைகள் மேல் ஏறவிடாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீர்கள். போய் இறங்கியதும் சுனாமி வெளியேறும் வழிப்பலகையைத் தேடி, அந்த வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி, நியூபோர்ட்டுக்கு வடக்கே பெவர்லி பீச்சில் முகாமிட்டிருந்த குடும்பத்தின் நான்கு குழந்தைகளைக் கொண்டுபோனது.

இனி நண்டு. நியூபோர்ட்டின் யகீனா விரிகுடாவில் ஆண்டு முழுதும் டஞ்சனஸ் நண்டு பிடிக்கலாம், இலையுதிர் காலம் அதற்கு நல்ல நேரம். 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் ஷெல்ஃபிஷ் லைசென்ஸ் வேண்டும். நண்டு வளையத்தை ஊரில் வாடகைக்கு எடுக்கலாம். கோழிக் காலைக் கட்டி, விரிகுடாப் பாலத்துக்குத் தெற்கேயுள்ள மீன்பிடி மேடையிலிருந்து இறக்கி, கால் மணி நேரம் பொறுத்து ஒரே இழுப்பாகத் தூக்குங்கள். ஆண் நண்டு மட்டும்தான் எடுக்கலாம். வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். ஓட்டின் குறுக்கே, ஓரமுள்ளைச் சேர்க்காமல், 5¾ அங்குலம் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 12 வரை. நண்டில் நச்சு என்று எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். நண்டு ரசத்துக்கு மிளகு இடித்தே கொண்டுபோங்கள்.

படி 8: கிளம்புதல்

மதியம் 1 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கழிவறைத் தொட்டியின் வால்வைத் தங்கும்போது மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே இறுகிக் கிடக்கும். தொட்டிகளைக் காலி செய்வதற்கென்று உள்ள இடத்தில் கையுறை போட்டு, குழாயை இறுக்கி மாட்டி, முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி. இரண்டாவதின் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். பின்னால் வரிசை நிற்கும், அதற்காக அவசரப்படாதீர்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் மைல் கணக்கையும் பெட்ரோல் முள்ளையும் படம் எடுத்துவையுங்கள்.