முதுமையைத் தள்ளிப்போடும் வைட்டமின் மாத்திரைகள்: எங்கே தவறு செய்கிறோம்?

முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளில் இப்போது அதிகம் அடிபடும் பெயர்கள் என்எம்என், என்ஆர். பெயர்தான் புதிது, இரண்டுமே வைட்டமின் பி3 குடும்பத்தைச் சேர்ந்தவை. உடம்புக்குள் போனதும் என்ஏடி என்ற பொருளாக மாறுகின்றன. உணவிலிருந்து ஆற்றலை எடுக்க ஒவ்வொரு செல்லுக்கும் இந்த என்ஏடி வேண்டும். டிஎன்ஏவில் விழும் சேதத்தைப் பழுதுபார்க்கும் நொதிகளுக்கும் அது வேண்டும். வயது ஏற ஏறப் பல திசுக்களில் அதன் அளவு குறைகிறது. அப்படியானால் குறைந்ததை நிரப்பிவிட்டால் முதுமை தள்ளிப்போகும் என்று நினைக்கத் தோன்றும், எனக்கும் அது முதலில் நியாயமாகத்தான் பட்டது.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ரத்தத்தில் ஒரு அளவு கூடுவது வேறு, முதுமை மெதுவாவது வேறு. 2018ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நடுத்தர வயதைத் தாண்டிய ஆரோக்கியமானவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் என்ஆர் 6 வாரம் கொடுத்தார்கள். ரத்த செல்களில் என்ஏடி சுமார் 60 சதவீதம் கூடியது, அது உண்மை. ஆனால் அவர்களுடைய உடற்பயிற்சித் திறன் கூடவில்லை. விளம்பரத்தில் வருவது அந்த 60 மட்டும்தான். என்எம்என் பற்றிய 2021 ஆய்வும் இதே மாதிரிதான்: சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 25 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில், என்எம்என் எடுத்தவர்களின் தசைகள் 10 வாரத்தில் இன்சுலினுக்கு நன்றாக ஒத்துழைத்தன, உடல் எடை மாறவில்லை. நல்ல ஆய்வு, தொடர வேண்டிய ஆய்வு, ஆனால் 25 பேரிடம் 10 வாரம் பார்த்ததை வைத்து ஆயுளைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது எலிக் கதைகளை அப்படியே நம்புவது. 2016ல் ஒரு ஆய்வில், வயதான எலிகள் என்ஆர் சாப்பிட்டுக் கொஞ்சம் கூடுதல் காலம் வாழ்ந்தன. அப்புறம் நடந்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நடத்தும் ஒரு திட்டத்தில், ஒரே பொருளை மூன்று தனித்தனி ஆய்வகங்களில் ஒரே நேரத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் தற்செயலாக வந்த முடிவு இந்தச் சோதனையில் தாங்காது. 2009ல் ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டுவதைக் காட்டியதும் இதே திட்டம்தான். 2021ல் வெளியான முடிவில் என்ஆர் ஆயுளைக் கூட்டவில்லை. ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தால், வேறு இடத்தில் வேறு ஆட்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்று தேடிப் பாருங்கள்.

குறைபாட்டைச் சரிசெய்வதையும், குறையே இல்லாதவர் மேலும் மேலும் சாப்பிடுவதையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. பி3 இல்லாமல் வரும் பெல்லாக்ரா நோயில் தோல் புண்ணாகும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகும். 1937ல் இந்த வைட்டமின்தான் மருந்து என்று தெரிந்ததும் சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். வைட்டமின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை இப்படிப்பட்ட வெற்றிகளில் பிறந்தது. ஆனால் காலிப் பாத்திரத்தில் ஊற்றினால்தான் நிறையும், நிறைந்த பாத்திரத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். வைட்டமின் டியை 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் சில ஆண்டுகள் சோதித்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குக் குறைபாடே இல்லை. புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

சரி, பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, வைட்டமின்தானே என்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், கேரட்டில் இருக்கும், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. வைட்டமின் ஈ மாத்திரை ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது 2011ல் தெரிந்தது. நல்லெண்ணத்தோடு, அறிவியல் காரணத்தோடு தொடங்கப்பட்ட சோதனைகள் இவை. உணவில் இருக்கும்போது நல்லது செய்யும் பொருள், மாத்திரையாகப் பெரிய அளவில் போகும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

பி3 குடும்பத்துக்குள்ளேயே ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுப்பதும் ஆபத்து. விலை குறைவு என்று என்ஆருக்குப் பதிலாக, பி3யின் பழைய வடிவமான நியாசினை அதே 1,000 மில்லிகிராம் கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். நியாசினில் முகமும் உடம்பும் சிவந்து எரியும், பெரிய அளவில் தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம், ரத்தச் சர்க்கரையும் ஏறலாம்.

உடம்பு எவ்வளவு முதுமையடைந்திருக்கிறது என்று ரத்தத்தை வைத்துக் கணிக்கும் ‘உயிரியல் வயது’ சோதனை செய்து, மாத்திரை எடுத்த பிறகு மூன்று வயது குறைந்துவிட்டது என்று மகிழ்வதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை சோதித்தாலே சில சோதனைகளில் அதைவிடப் பெரிய வித்தியாசம் வருகிறது.

கடைசியாக, மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது. முடிக்காக விற்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமினை அதிகம் சாப்பிட்டால் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையே தவறான முடிவு காட்டலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ அளவு மீறினால் குழந்தைக்கு ஊனம் வரலாம். என்ஏடி நம் நல்ல செல்களுக்கு மட்டுமல்ல, வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்களுக்கும் தேவை. அது கிடைக்காமல் செய்து அந்தச் செல்களைக் கொல்ல முடியுமா என்று மருந்துகளையே சோதித்திருக்கிறார்கள். அதனால் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரோ, முன்பு வந்து குணமானவரோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு அன்பாக இந்த மாத்திரையை வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.