லண்டனில் கார்டைத் தட்டும் முன்

ஹீத்ரோவில் இறங்கியதும் டாக்சிக்கு ஓடாதீர்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் போகிறவர்கள் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி வைட்சாப்பலில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறினால் போதும், பெரிய பெட்டி இருந்தாலும் சமாளிக்கலாம். பிக்காடில்லி லைனில் கட்டணம் குறைவு, ஆனால் மெதுவாகப் போகும், பெட்டி வைக்கவும் இடம் இருக்காது. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 15 நிமிடத்தில் பாடிங்டன் போய்விடும்தான், அவசரமில்லாதவர் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

வந்த புதிதில் காசு அதிகம் போவது தூரத்தால் இல்லை, கட்டணம் பிடிக்கும் ரீடரில் கார்டையோ போனையோ தட்டுவதில்தான். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்ட வேண்டும், ட்யூப் என்ற சுரங்க ரயிலிலும் மற்ற ரயிலிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். கிழக்கு லண்டன் பக்கம் ஓடும் டிஎல்ஆர் என்ற சிறு ரயிலின் ஸ்டேஷன் பலவற்றில் கதவே கிடையாது, ஓரமாக ஒரு ரீடர் நிற்கும், பேசிக்கொண்டே வந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். இறங்கும்போது தட்டாவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள், ஏறும்போதே தட்டாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் 100 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டினால் 50. இன்னொன்று, காலையில் போனைத் தட்டி ஏறிவிட்டு இறங்கும்போது அதே வங்கிக் கார்டை எடுத்துத் தட்டாதீர்கள். கார்டு ஒன்றுதான் என்றாலும் கணக்கில் இரண்டு ஆள் மாதிரி விழும், இரண்டு பேருமே பாதிப் பயணத்தில் நிற்பார்கள்! ஊர் வங்கிக் கார்டைத் தட்டினால் அந்த வங்கி தனியாக ஏதாவது பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் பஸ்ஸையே பிடியுங்கள். 1.75 பவுண்டுக்கு முதல் முறை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறி ஏறலாம். கையில் காசு மட்டும் வைத்துக்கொண்டு ஏற முடியாது, 2014-லேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

ட்யூப், ரயில் கட்டணத்தை ஏற்றுவது நடுநகரமான ஸோன் 1. ஈஸ்ட் ஹாமில் இருந்து வெம்பிளியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக எல்லோரும் நடுநகர் வழியாகத்தான் போவார்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை பஸ்ஸில் போய், மைல்ட்மே லைன் ரயிலில் வில்லெஸ்டன் ஜங்ஷன் வந்து, அங்கே பேக்கர்லூ ரயிலுக்கு மாறினால் வெம்பிளி சென்ட்ரல். நேரம் கொஞ்சம் கூடும், செலவு குறையும். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் மாதிரி இடத்தில் இறங்கி ரயில் மாறுகிறீர்கள், அங்கே இளஞ்சிவப்பு ரீடர் இருக்கிறது என்றால் அதிலும் தட்டுங்கள், நீங்கள் ஸோன் 1 தொடாமல் வந்தது அதில்தான் பதிவாகும்.

படிக்க வந்தவர்கள் 16-25 ரயில்கார்டு என்ற சலுகை அட்டையை வாங்கி, ட்யூப் ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்லி, காசு போட்டுத் தட்டும் லண்டன் பயணக் கார்டான ஓய்ஸ்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் ட்யூப், ரயில் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும், பஸ்ஸுக்குக் கிடையாது. வங்கிக் கார்டைத் தட்டினால் இந்தச் சலுகை வராது என்பதால் ஓய்ஸ்டரே நல்லது. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் இலவசம், ட்யூபிலும் பெரியவர் கூட இருந்தால் இலவசம்.

இரவு வேலை முடித்து வருகிறவர்கள் எண்ணுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்து போட்ட இரவு பஸ்ஸைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடிய விடிய ஓடும் ட்யூப் வெள்ளி, சனி இரவில்தான், அதுவும் சில லைன்களில் மட்டும், டிஸ்ட்ரிக்ட் அதில் இல்லை.